குடிமக்கள் என்று அறிவித்துவிட்டுச் சுட்டார்கள்: ஆஸ்திரேலியாவின் எல்லைப்புறப் போர்கள்

ஜனவரி 26 இந்தியாவுக்குக் குடியரசு நாள். ஆஸ்திரேலியாவுக்கும் அதுவே தேசிய நாள். 1788இல் அந்தத் தேதியில்தான் ஆர்தர் பிலிப் தலைமையில் 11 கப்பல்களில் வந்தவர்கள் சிட்னி கோவ் கரையில் பிரிட்டிஷ் கொடியை ஏற்றினார்கள். ஆண்டுதோறும் அந்த நாள் வரும்போது ஒரு பக்கம் வாணவேடிக்கை, இன்னொரு பக்கம் 'படையெடுப்பு நாள்' என்று எழுதிய பதாகைகளோடு ஊர்வலம். கூடவே இன்னொரு கோரிக்கையும் செய்தியில் அடிபடும்: கான்பெராவில் இருக்கும் போர் நினைவகம், 'எல்லைப்புறப் போர்களில்' இறந்தவர்களுக்கும் உரிய இடம் தர வேண்டும்.

இதைப் படிக்கிறவருக்குக் குழப்பம் வருவது இயல்பு. இது எந்தப் போர்? யார் அறிவித்தார்கள்? எந்த ஆண்டு முடிந்தது? சமாதான உடன்படிக்கை எங்கே?

அறிவிப்பு கிடையாது. உடன்படிக்கையும் கிடையாது. ஏடுகள் தொலைந்துபோனதால் வந்த இடைவெளி என்று இதை நினைத்துவிடக் கூடாது. 'இதைப் போர் என்று அழைக்க முடியாது' என்பது அன்றைய ஆட்சியின் சட்ட நிலைப்பாடு. அந்த ஒரு நிலைப்பாட்டைப் பிடித்துக்கொண்டால் மற்றவை எல்லாம் விளங்கும்: கொன்றவர்கள் ஏன் தண்டிக்கப்படவில்லை, இறந்தவர்களை ஏன் எண்ண முடியவில்லை, இன்றும் ஏன் வாக்குவாதம் ஓயவில்லை என்பது எல்லாமே.

முதலில் சில சொற்கள்

1. பூர்வகுடிகள்: 1788இல் அந்தக் கண்டத்தில் 250க்கும் மேற்பட்ட மொழிகள் பேசப்பட்டன. ஒவ்வொரு மக்களுக்கும் தனி நிலம், தனி நீர்நிலை, தனிச் சட்டம். எல்லோருக்கும் பொதுவான அரசரோ தலைநகரோ இல்லை. எனவே ஒரு கோட்டையைப் பிடித்துப் போரை முடிப்பது என்ற பேச்சுக்கே இடமில்லை; ஒவ்வொரு பள்ளத்தாக்கிலும் மோதல் புதிதாகத் தொடங்கியது.

2. எல்லைப்புறம்: நாட்டு எல்லை அல்ல. குடியேற்றம் பரவிக்கொண்டே போன விளிம்பு. சிட்னியைச் சுற்றி 1816 அளவில் அது அடங்கிவிட்டது. நடுப் பாலைவனத்தில் 1928 வரை நீடித்தது. ஒரே போரின் தொடக்கத்துக்கும் முடிவுக்கும் இடையே 140 ஆண்டுகள்.

3. ஸ்குவாட்டர்: அரசு குடியேற அனுமதித்த பகுதியைத் தாண்டிப் போய், பட்டா இல்லாமல் மேய்ச்சல் நிலத்தை வளைத்துக்கொண்டவர். நியூ சவுத் வேல்ஸ் அரசு 1829இல் 19 மாவட்டங்களை வரையறுத்து, அதற்கு அப்பால் குடியேறக் கூடாது என்றது. யாரும் கேட்கவில்லை. 1836இல் அரசே இறங்கிவந்து, ஆண்டுக்கு 10 பவுண்டு உரிமக் கட்டணம் கட்டினால் எவ்வளவு நிலத்திலும் மேய்க்கலாம் என்றது.

4. ஸ்டேஷன்: ஸ்குவாட்டரின் பண்ணை. ரயில் நிலையமோ காவல் நிலையமோ அல்ல. முதலாளி பெரும்பாலும் அங்கே இருக்க மாட்டார். மேற்பார்வையாளர் ஒருவர், அவருக்குக் கீழே மாட்டுக்காரர்களும் ஆட்டுக்காரர்களும். இவர்களில் பலர் பிரிட்டனில் தண்டனை பெற்று நாடுகடத்தப்பட்டு, கூலியில்லாமல் வேலைக்கு ஒப்படைக்கப்பட்ட கைதிகள்.

சட்டத்தில் விழுந்த முடிச்சு

ஒரு நாட்டைப் பிரிட்டன் கைக்கொள்ள அன்று மூன்று வழிகள் இருந்தன: போரில் வெல்வது, அங்குள்ள ஆட்சியாளர் ஒப்பந்தம் செய்து கொடுப்பது, ஆளில்லாத இடத்தில் குடியேறுவது. வென்றாலும் வாங்கினாலும் உள்ளூர் மக்களின் சட்டமும் சொத்தும், மன்னர் மாற்றும்வரை செல்லும். ஆளில்லாத இடம் என்றால் பிரிட்டிஷ் சட்டம் கப்பலோடு வந்து இறங்கிவிடும். நிலம் முழுவதும் மன்னருக்கு.

ஆஸ்திரேலியா மூன்றாவது வகை என்று நடத்தப்பட்டது. கரையில் மக்கள் நிற்பதைக் கண்ணால் பார்த்த பிறகும்தான். 'யாருக்கும் சொந்தமில்லாத நிலம்' என்று பொருள்படும் 'டெர்ரா நல்லியஸ்' என்ற லத்தீன் தொடரைச் செய்திகளில் பார்த்திருப்பீர்கள். அது குறிப்பது இதைத்தான். நம் ஊர்ப் பேச்சில் சொன்னால், ஒரு கண்டம் முழுவதையும் புறம்போக்கு என்று எழுதிவிட்டார்கள்.

இது வெறும் ஏட்டுச் சட்டமாக நின்றுவிடவில்லை. 1835 ஜூனில் ஜான் பேட்மன் என்பவர் இன்றைய மெல்பர்ன் பகுதியில் பூர்வகுடித் தலைவர்களோடு ஓர் ஒப்பந்தம் எழுதிக்கொண்டார். போர்வை, கத்தி, கோடரி, மாவு, ஆண்டு வாடகை, இவற்றுக்குப் பதிலாகப் பல லட்சம் ஏக்கர். அநியாயமான பேரம்தான், கைநாட்டு வைத்தவர்கள் அதை எப்படிப் புரிந்துகொண்டார்கள் என்பதும் சந்தேகம்தான். ஆனால் ஆளுநர் ரிச்சர்ட் போர்க் அதை ரத்து செய்ததற்கு அநியாயம் காரணமல்ல. நிலம் மன்னருடையது, அதை விற்கவோ வாடகைக்கு விடவோ பூர்வகுடிகளுக்கு உரிமையே இல்லை என்பதுதான் 1835 ஆகஸ்டில் அவர் விட்ட அறிவிப்பின் சாரம். நிலத்தைப் பேசி வாங்கும் வழி அதோடு அடைபட்டது.

அடுத்த ஆண்டு முடிச்சு இன்னும் இறுகியது. முரெல் என்ற பூர்வகுடி, இன்னொரு பூர்வகுடியைக் கொன்றதாக வழக்கு. எங்களுக்கு எங்கள் சட்டம் இருக்கிறது, உங்கள் நீதிமன்றத்துக்கு இதில் அதிகாரமில்லை என்று அவர் தரப்பு வாதிட்டது. இங்கே எல்லோரும் மன்னரின் குடிமக்கள், பிரிட்டிஷ் சட்டம் எல்லோரையும் கட்டும் என்றது நீதிமன்றம். முரெலை ஜூரி விடுவித்தது. தீர்ப்பின் கொள்கை நிலைத்தது.

இதன் விளைவைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். பூர்வகுடி மன்னரின் குடிமகன் என்றால் அவரைச் சுடுவது கொலை. சுட்டவர் தூக்குமேடைக்குப் போக வேண்டும். அதே சமயம், தன் நிலத்தைக் காக்க ஈட்டி எடுத்தால் அவர் எதிரிப் படைவீரர் ஆக மாட்டார், குற்றவாளிதான். போர்க்கைதி என்ற தகுதி இல்லை, சமாதானம் பேசும் உரிமை இல்லை. குடிமகனுக்குரிய பாதுகாப்பாவது கிடைத்ததா என்றால் அதுவும் இல்லை. நீதிமன்றத்தில் சாட்சி சொல்ல வேண்டுமானால் பைபிள் மீது சத்தியம் செய்ய வேண்டும். கிறிஸ்தவர் அல்லாத பூர்வகுடியின் சத்தியம் செல்லாது. நியூ சவுத் வேல்ஸில் இந்தத் தடை 1876இல்தான் நீங்கியது. கொலையைக் கண்ணால் கண்டவர்கள் அதுவரை சட்டத்தின் முன் ஊமைகள்.

ஒரு ஆட்டு மந்தை வந்தால் என்ன நடக்கும்

மோதல் ஏன் எல்லா இடத்திலும் ஏறத்தாழ ஒரே மாதிரி வெடித்தது என்பதற்குக் காரணம் கம்பளித் தொழிலின் அமைப்பிலேயே இருக்கிறது. வேலி போடும் வழக்கம் பரவுவதற்கு முந்தைய காலம் அது. மரப்பட்டைக் குடிசை ஒன்று, அதில் மூன்று ஆட்கள். இருவர் ஆளுக்குச் சில நூறு ஆடுகளை விடியலில் ஓட்டிப்போய் இருட்டுவதற்குள் திரும்புவார்கள். மூன்றாமவர் சமைப்பார், பகலில் தட்டிப் பட்டியை இடம் மாற்றிக் கட்டுவார், இரவில் பட்டிக்குக் காவல் இருப்பார். குடிசையில் மாவு, சர்க்கரை, தேயிலை, பழைய துப்பாக்கி ஒன்று. அடுத்த குடிசை பல மைலுக்கு அப்பால்.

இப்படி ஒரு குடிசை வந்த பள்ளத்தாக்கில் நடப்பது இதுதான்.

1. தண்ணீர் போகும். குடிசை எப்போதும் வற்றாத மடுவின் அருகில்தான் அமையும். வறண்ட நாட்டில் அப்படிப்பட்ட மடுக்கள் சிலவே. கோடையில் மொத்தக் குலமும் ஒதுங்குவது அங்கேதான். ஆடுமாடு இறங்கிய மடு சில வாரங்களில் சேறாகும். மனிதர் நெருங்கினால் துப்பாக்கி.

2. கிழங்கு போகும். தென்கிழக்கில் முர்னாங் என்ற மஞ்சள் பூச்செடியின் கிழங்கு அன்றாட உணவு. பெண்கள் கூர்முனைக் கழியால் மண்ணைக் கிளறி எடுப்பார்கள். அந்தக் கிளறலே மண்ணைப் பொலபொலப்பாக்கி அடுத்த விளைச்சலுக்கு உதவும். ஆடு புல்லை வேரொட்டக் கடிக்கும். கிழங்கின் ருசி தெரிந்துவிட்டால் தோண்டியும் தின்னும். ஆயிரக்கணக்கான குளம்புகள் மண்ணை இறுக்கிவிடும். சில ஆண்டுகளில் கிழங்கு வயல் கட்டாந்தரை. சிட்னிக்கு வடமேற்கே ஹாக்ஸ்பரி ஆற்றங்கரையில் 1794 முதல் இதையே மக்காச்சோளம் செய்தது. கிழங்கு விளைந்த வண்டல் மண்ணைத்தான் உழுதார்கள். கிழங்கு இல்லாமல்போனவர்கள் சோளக்கதிரை ஒடித்தபோது, அது திருட்டு ஆனது.

3. தீ குற்றமாகும். பூர்வகுடிகள் பருவம் பார்த்துப் புல்வெளியைச் சிறு சிறு பகுதிகளாக எரிப்பார்கள். இளம்புல் துளிர்க்கும், கங்காரு வரும். குடியேறிகள் பார்த்து வியந்த பூங்கா போன்ற புல்வெளிகளில் பெரும்பகுதி இப்படி உருவானவைதான். ஸ்குவாட்டர் தேர்ந்தெடுத்த நிலமும், பூர்வகுடிகள் தலைமுறை தலைமுறையாகப் பேணிய நிலமும் ஒன்றாகவே இருந்ததில் வியப்பில்லை. வந்த பிறகு அதே தீ, பண்ணையை அழிக்கும் சதியாகப் பார்க்கப்பட்டது.

4. பெண்கள் கடத்தப்படுவார்கள். ஆண்கள் மட்டுமே வாழ்ந்த குடிசைகள் இவை. பல தாக்குதல்களின் பின்னால் இருந்த உடனடிக் காரணம் இது. அரசு ஏடுகளில் பெரும்பாலும் 'காரணமில்லாத தாக்குதல்' என்றே பதிவாகியிருக்கும்.

5. ஆடு குத்தப்படும், குடிசை எரியும், ஆட்டுக்காரர் சாவார். பூர்வகுடிச் சட்டப்படி இது குற்றத்துக்கான தண்டனை.

6. பதிலடி வரும். ஐந்தாம் படியில் செத்தவர் ஒருவர் என்றால், ஆறாம் படியில் சாகிறவர்கள் கையில் கிடைத்த எல்லோரும். குத்தியவர் யார் என்று யாரும் தேடவில்லை. இரவில் தீ எரியும் முகாம் எது என்று மட்டும் தேடினார்கள்.

ஈட்டியும் துப்பாக்கியும்

துப்பாக்கி வந்ததும் ஈட்டி தோற்றுவிட்டது என்று நினைப்பது தவறு. முதல் 50 ஆண்டுகளில் இருந்தது வாய்வழி மருந்து இடிக்கும் சிக்கிமுக்கித் துப்பாக்கி. பழகிய சிப்பாய்க்கே ஒரு முறை நிரப்ப 15, 20 நொடி ஆகும். நூறு மீட்டருக்குள்கூடக் குறி நம்பகமில்லை. மழை பெய்தால் மருந்து பற்றாது. அந்த இடைவெளியில் எறிகோல் (ஈட்டியை உந்தி எறியும் கோல்) வைத்திருப்பவர் பல ஈட்டிகளை வீசிவிடலாம்.

இதை நன்றாக அறிந்து போரிட்டவர் பிஜிகல் மக்களின் பெமுல்வாய். 1790 டிசம்பரில் ஆளுநர் பிலிப்பின் வேட்டைக்காரர் மெக்கின்டயரை ஈட்டியால் தாக்கினார். அந்தக் காயத்தில் அவர் இறந்தார். அதன்பின் சுமார் பத்து ஆண்டுகள் பெமுல்வாய் பண்ணைகளைத் தாக்கி, பயிரை எரித்து, குடியேற்றத்தைப் பின்வாங்கவைத்தார். 1797இல் பரமட்டாவில் குண்டடிபட்டுப் பிடிபட்டவர், காலில் விலங்கோடு மருத்துவமனையிலிருந்து தப்பினார். 1802இல் சுட்டுக் கொல்லப்பட்டார். அவரது தலையை ஆளுநர் கிங் சாராயத்தில் ஊறவைத்து இங்கிலாந்தில் இருந்த இயற்கை ஆய்வாளர் ஜோசப் பேங்க்ஸுக்கு அனுப்பினார். அந்தத் தலை இன்றுவரை ஊர் திரும்பவில்லை.

நிலைமையை மாற்றியவை இரண்டு. ஒன்று குதிரை, திறந்த புல்வெளியில் ஓடி ஒளிய முடியாமல் செய்தது. மற்றது 1870களில் பரவிய பின்வழி நிரப்பும் துப்பாக்கி. நிமிடத்துக்குப் பத்து முறை சுடலாம், பல நூறு மீட்டர் எட்டும், மழைக்கு அஞ்சாது. குவீன்ஸ்லாந்தில் சாவு எண்ணிக்கை எகிறியதற்கு இதுவும் ஒரு காரணம்.

டாஸ்மேனியாவில், அன்றைய பெயரில் வான் டீமன்ஸ் லேண்டில், ஓர் ஒழுங்கு தெரிகிறது. பூர்வகுடிகள் பகலில்தான் குடிசைகளைத் தாக்கினார்கள். இரவில் நடமாடுவதை அவர்கள் தவிர்த்தார்கள். வெள்ளையர் இரவில் தாக்கினார்கள். பகலில் புகையையும் இருட்டியபின் முகாம் தீயையும் தொலைவிலிருந்து பார்த்துவைத்து, விடியுமுன் சூழ்ந்து, உறக்கத்தில் சுடுவது. குளிர் கடுமையான அந்தத் தீவில் தீ மூட்டாமல் குழந்தைகளைக் காப்பாற்ற முடியாது. மூட்டினால் அதுவே காட்டிக்கொடுத்தது.

அரசே படை எடுத்தபோது

போர் இல்லை என்று சொன்ன அதே அரசு, மூன்று இடங்களில் வெளிப்படையாகப் போர்க்கோலம் பூண்டது.

1816இல் ஆளுநர் மக்குவாரி சிட்னிக்குத் தென்மேற்கே படைகளை அனுப்பினார். எதிர்ப்பவர்களைச் சுடவும், செத்தவர்களின் உடலை மற்றவர்கள் பார்த்து அஞ்சும்படி மரத்தில் தொங்கவிடவும் உத்தரவு. ஏப்ரல் 17 அன்று ஆப்பின் அருகே விடியுமுன் ஒரு முகாமைப் படை தாக்கியது. ஓடியவர்களில் பலர் இருட்டில் பாறை விளிம்பிலிருந்து விழுந்து செத்தார்கள். குறைந்தது 14 பேர். பெண்களும் குழந்தைகளும் உண்டு.

1824 ஆகஸ்டில், சிட்னிக்கு மேற்கே பாதர்ஸ்ட் பகுதியில் விராஜுரி மக்களுக்கு எதிராக ராணுவச் சட்டம்; டிசம்பரில் விலக்கப்பட்டது. அவர்களின் தலைவர் விண்ட்ராடைன் பிறகு தாமாகவே பரமட்டாவுக்கு நடந்துவந்து ஆளுநரைச் சந்தித்தார்.

மூன்றாவது, டாஸ்மேனியாவில் 1828 நவம்பர் முதல் 1832 ஜனவரி வரை ராணுவச் சட்டம். இங்கேதான் 1830 அக்டோபரில் 'கறுப்புக் கோடு' நடந்தது. சிப்பாய்கள், கைதிகள், குடியேறிகள் என்று சுமார் 2,200 பேர் வரிசையாக நின்று, வேட்டையில் விலங்கை விரட்டுவதுபோலத் தீவின் தென்கிழக்கு மூலைக்கு மக்களை ஓட்டிக்கொண்டு போவது திட்டம். ஏழு வாரம். சுமார் 30,000 பவுண்டு செலவு. பிடிபட்டவர்கள் இருவர், கொல்லப்பட்டவர்கள் இருவர். வரிசையில் இடைவெளி விட்டது. மலைக்காட்டில் வழி தெரியவில்லை. ஒளிந்திருந்தவர்களுக்கோ அங்குலம் அங்குலமாகத் தெரியும். ஆனால் இதைத் தோல்வி என்று மட்டும் படிப்பது சரியல்ல. எஞ்சியவர்கள் மிகக் குறைவு என்பதும், வெள்ளையர் விடப்போவதில்லை என்பதும் இரு தரப்புக்கும் தெரிந்துவிட்டது. அடுத்த சில ஆண்டுகளில், அரசு அமர்த்திய ஜார்ஜ் அகஸ்டஸ் ராபின்சன் பேசிப் பேசி அவர்களை அழைத்துவந்து ஃபிளிண்டர்ஸ் தீவில் குடியமர்த்தினார். அங்கே பெரும்பாலோரை நோய் கொன்றது.

குடிமக்கள் மீது, அவர்கள் குடிமக்களாக இருக்கும்போதே, மூன்றாண்டுக்கு மேல் ராணுவச் சட்டம். சட்டத்தின் முடிச்சு இதைவிடத் தெளிவாக வேறெங்கும் தெரியாது.

மயால் கிரீக், 1838: சட்டம் ஒருமுறை வேலை செய்தபோது

நியூ சவுத் வேல்ஸின் வடக்கே, ஹென்றி டேங்கருக்குச் சொந்தமான மயால் கிரீக் ஸ்டேஷன். விர்ரயராய் மக்கள் சுமார் 35 பேர் சில வாரங்களாகக் குடிசைகளின் அருகில் முகாமிட்டிருந்தார்கள். பண்ணை ஆட்களோடு பழக்கம். குழந்தைகளுக்கு ஆங்கிலப் பெயர்கள்கூட வைத்திருந்தார்கள். மேற்பார்வையாளர் வில்லியம் ஹாப்ஸ் மாடு ஓட்டிக்கொண்டு வெளியே போயிருந்தார். இளைஞர்கள் மரப்பட்டை வெட்டப் பக்கத்து ஸ்டேஷனுக்குப் போயிருந்தார்கள். ஜூன் 10, ஞாயிறு பிற்பகல். துப்பாக்கியும் வாளும் ஏந்திய குதிரைக்காரர்கள் வந்து இறங்கினார்கள்.

முகாமில் இருந்த முதியவர்களும் பெண்களும் குழந்தைகளும், குடிசைக் காவலர் ஜார்ஜ் ஆண்டர்சனின் குடிசைக்குள் ஓடி ஒளிந்தார்கள். வந்தவர்கள் அவர்களை வெளியே இழுத்து, குதிரை கட்டும் நீளக் கயிற்றில் ஒன்றாகப் பிணைத்து, மேட்டுக்கு அப்பால் நடத்திக்கொண்டு போனார்கள். ஆண்டர்சன் காதில் விழுந்தது இரண்டே துப்பாக்கிச் சத்தம். மற்றவர்களை வாளால் வெட்டியிருந்தார்கள். குறைந்தது 28 பேர். பிறகு திரும்பிவந்து உடல்களை எரித்தார்கள்.

கொன்றவர்கள் பன்னிரண்டு பேர். பதினொருவர் கைதிகள் அல்லது முன்னாள் கைதிகள். அந்த ஸ்டேஷனிலேயே வேலை பார்த்து, அந்தக் குழந்தைகளோடு பழகிய சார்லஸ் கில்மெய்ஸ்டரும் அதில் ஒருவர். தலைமை தாங்கிய ஜான் ஃபிளெமிங் நிலவுடைமைக் குடும்பத்தில் பிறந்தவர்.

இதுபோல எத்தனையோ நடந்திருக்க, இந்த வழக்கு மட்டும் ஏன் நீதிமன்றம் ஏறியது? பல கண்ணிகள் ஒருசேர அமைந்தன. ஒன்று அறுந்திருந்தாலும் வழக்கே இல்லை.

1. ஹாப்ஸ் திரும்பிவந்து எரிந்த எலும்புகளைப் பார்த்தார். மறைக்காமல் புகார் அனுப்பினார்.
2. ஆளுநர் ஜார்ஜ் கிப்ஸ் விசாரிக்க உத்தரவிட்டார். நீதவான் எட்வர்ட் டென்னி டே ஊர் ஊராகப் போய்ப் பதினொருவரைக் கைது செய்தார். ஃபிளெமிங் தப்பிவிட்டார், கடைசிவரை அவர் மீது வழக்கு நடக்கவே இல்லை.
3. ஆண்டர்சன் சாட்சி சொன்னார். அவர் வெள்ளையர், கிறிஸ்தவர்; எனவே அவர் சத்தியம் செல்லும். கைதியாக இருந்த அவர், தன்னைச் சுற்றியிருந்த எல்லோருடைய பகையையும் ஏற்றுக்கொண்டுதான் கூண்டில் ஏறினார்.
4. அட்டர்னி ஜெனரல் ஜான் ஹியூபர்ட் பிளங்கெட் விடவில்லை.

நவம்பர் 15இல் முதல் விசாரணை. எரிந்த எலும்பு யாருடையது என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்பது எதிர்த்தரப்பின் பிடி. ஜூரி கால் மணி நேரம் போல யோசித்துவிட்டு அனைவரையும் விடுவித்தது. ஒரே குற்றத்துக்கு இருமுறை விசாரிக்க முடியாது. ஆனால் கொல்லப்பட்டவர் வேறொருவர் என்றால் அது வேறு குற்றம். ஒரு குழந்தையின் கொலையை முன்வைத்துப் பிளங்கெட் ஏழு பேர் மீது புதிய வழக்குத் தொடுத்தார். இம்முறை குற்றவாளிகள் என்று தீர்ப்பு வந்தது. 1838 டிசம்பர் 18 அன்று ஏழு பேரும் சிட்னியில் தூக்கிலிடப்பட்டார்கள்.

மீதி நால்வர்? அவர்களுக்கு எதிரான சாட்சி டேவி என்ற பூர்வகுடி இளைஞர். அவர் சத்தியத்துக்குத் தகுதிபெற வேண்டும் என்று வழக்குத் தள்ளிவைக்கப்பட்டது. டேவியின் சாட்சியம் கிடைக்கவே இல்லை. நால்வரும் 1839இல் விடுவிக்கப்பட்டார்கள்.

தூக்குக்குப் பிறகு கொலைகள் நின்றன என்று சிலர் எழுதுவதுண்டு. நடந்தது வேறு, குடியேறிகள் வேறு பாடம் கற்றார்கள். சாட்சி வைக்காதே, உடலை எரி, வாயைத் திறக்காதே. நஞ்சு கலந்த மாவைக் கொடுத்துக் கொன்றதாகப் பேச்சுகள் அதிகம் கிளம்பியதும் இதற்குப் பிந்தைய ஆண்டுகளில்தான். குவீன்ஸ்லாந்தின் கில்காயில் 1842இல் பலர் இப்படிச் செத்ததாக அன்றே செய்தி பரவியது. துப்பாக்கிச் சத்தம் கேட்கும். மாவுக்குச் சத்தம் கிடையாது.

நேட்டிவ் போலீஸ்: 'கலைத்தோம்' என்ற சொல்

1848இல் ஃபிரெடரிக் வாக்கர் என்பவர் 14 பூர்வகுடி இளைஞர்களைத் திரட்டித் தொடங்கிய குதிரைப்படை இது. குவீன்ஸ்லாந்து 1859இல் தனிக் காலனியானதும் அந்த அரசின் கைக்கு வந்தது. அமைப்பு எளிமையானது: ஒரு வெள்ளை அதிகாரி, அவருக்குக் கீழே ஏழெட்டுப் பூர்வகுடிக் காவலர்கள். காவலர்களைத் தொலைவான இடங்களிலிருந்தே எடுத்தார்கள். உள்ளூர் மொழி தெரியாது, உறவு கிடையாது. படையை விட்டு ஓடினால் அந்நிய நிலத்தில் அவர்களுக்கே பாதுகாப்பில்லை. சேர்ந்தவர்களில் வற்புறுத்தப்பட்டவர்களும் உண்டு. பூர்வகுடிகளே பூர்வகுடிகளைக் கொன்றார்கள் என்று இதைச் சுருக்குகிறவர்கள், ஆணையிட்டவர் யார், சம்பளம் எந்தக் கருவூலத்திலிருந்து போனது என்பதை விட்டுவிடுகிறார்கள்.

இந்தப் படையின் அறிக்கைகளில் திரும்பத் திரும்ப வரும் சொல் 'கலைத்தோம்'. நம் செய்தித்தாளில் போலீசார் கூட்டத்தைக் கலைத்தனர் என்றால் தடியடி, கண்ணீர்ப்புகை. அங்கே அதன் பொருள் சுட்டுக் கொல்வது. ஏன் அந்தச் சொல்? மன்னரின் குடிமக்களைக் கொன்றோம் என்று அரசு ஏட்டில் எழுத முடியாது. எனவே பழைய ஏடுகளைப் படிக்கும்போது, 'முகாம் கலைக்கப்பட்டது. இனித் தொல்லை இருக்காது' என்ற வரியைச் சாவுப் பதிவாகவே படிக்க வேண்டும்.

வெள்ளையர் பக்கச் சாவும் உண்மை. 1857 அக்டோபரில் ஹார்னெட் பேங்கில் 11 பேர், 1861 அக்டோபரில் கல்லின்-லா-ரிங்கோவில் 19 பேர், குழந்தைகள் உட்பட. இரண்டுக்கும் பிறகு காவல்படையும் ஆயுதமேந்திய குடியேறிகளும் மாதக்கணக்கில் பழிவாங்கினார்கள். அதில் செத்தவர்கள் நூற்றுக்கணக்கில். பலர் அந்தத் தாக்குதல்களோடு எந்தத் தொடர்பும் இல்லாதவர்கள்.

கடைசிப் பெரும் படுகொலை 1928இல், வடக்குப் பிரதேசத்தின் கோனிஸ்டனில். டிங்கோ என்ற காட்டுநாய்களை வேட்டையாடும் வெள்ளையர் ஒருவர் கொல்லப்பட்டதற்குப் பதிலடியாக, கான்ஸ்டபிள் வில்லியம் முர்ரே தலைமையில் ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை வேட்டை நடந்தது. அரசுக் கணக்கு 31. அங்குள்ள மக்களின் கணக்கு அதைப்போல இரு மடங்குக்கும் மேல். சுட்டது நியாயமே என்று விசாரணைக் குழு முடிவு கூறியது. 90 ஆண்டுகள் கழித்து, 2018இல், வடக்குப் பிரதேசக் காவல்துறை மன்னிப்புக் கேட்டது.

எண்ணிக்கை ஏன் மாறிக்கொண்டே இருக்கிறது

செய்திகளில் ஒருவர் 10,000 என்பார், இன்னொருவர் 65,000 என்பார். இரண்டும் வெவ்வேறு பொருள்களின் கணக்கு.

முதலாவது, வரலாற்றாய்வாளர் லிண்டல் ரயன் தலைமையில் நியூகாசில் பல்கலைக்கழகம் 2017இல் வெளியிடத் தொடங்கிய படுகொலை வரைபடம். தற்காப்பில்லாத ஆறு அல்லது அதற்கு மேற்பட்டவர்கள் ஒரே நிகழ்வில் கொல்லப்பட்டிருந்தால் மட்டுமே அதில் இடம் உண்டு. ஆறு என்ற எல்லைக்குக் காரணம் உண்டு: சேர்ந்து வாழ்ந்த ஒரு குழுவில் சுமார் 20 பேர், அதில் ஆறு பேர் ஒரே நாளில் போனால் வேட்டை, கிழங்கு சேகரிப்பு, குழந்தை வளர்ப்பு எல்லாம் குலையும். ஒவ்வொரு நிகழ்வுக்கும் சான்றின் வலுவைப் பொறுத்து ஒன்று முதல் மூன்று நட்சத்திரம். இப்படி 400க்கு மேற்பட்ட இடங்கள் உறுதியாகியிருக்கின்றன. இறந்த பூர்வகுடிகள் 10,000க்கு மேல். ஐந்து பேரோ ஒருவரோ செத்த மோதல் இந்தக் கணக்கில் வராது. எல்லைப்புறத்தில் அன்றாடம் நடந்தவை பெரும்பாலும் அத்தகையவையே. ஆகவே இந்த எண்ணை அடித்தளமாகக் கொள்ளலாமே தவிர உச்சவரம்பாகக் கொள்ளக் கூடாது.

இரண்டாவது, ரேமண்ட் எவன்ஸ், ராபர்ட் ஓர்ஸ்டெட்-ஜென்சன் இருவரும் 2014இல் குவீன்ஸ்லாந்துக்கு மட்டும் செய்த மதிப்பீடு: 65,000க்கு மேல். நேட்டிவ் போலீஸ் முகாம்கள் எத்தனை, எத்தனை ஆண்டு இயங்கின, மாதம் எத்தனை ரோந்து, எஞ்சியிருக்கும் அறிக்கைகளில் ஒரு மோதலுக்குச் சராசரி எத்தனை சாவு என்று பெருக்கி, அதோடு குடியேறிகள் கொன்றவர்களின் மதிப்பீட்டையும் சேர்த்துப் பெற்ற எண் அது. அந்தப் படையின் கள அறிக்கைகளில் பெரும்பாலானவை இன்று இல்லை. எனவே சராசரியைப் பற்றி வாதிட இடம் உண்டு. அறிக்கை இல்லாததால் ரோந்தே நடக்கவில்லை என்று வாதிட இடமில்லை. சாட்சி சொல்லவும் விடாமல், ஏட்டிலும் எழுதாமல் செய்துவிட்டு, ஆதாரம் எங்கே என்று கேட்பது நேர்மையான கேள்வி ஆகாது.

இவை ஆயுதத்தால் வந்த சாவுகள் மட்டுமே. 1789இல் சிட்னியைச் சுற்றிப் பரவிய பெரியம்மையும், பின்னர் வந்த காய்ச்சல்களும் பசியும் தனிக் கணக்கு.

போர் நினைவகத்தின் சிக்கல்

சட்டத்தின் முதல் முடிச்சு 1992 ஜூன் 3 அன்று அவிழ்ந்தது. மாபோ வழக்கில் ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம், பிரிட்டிஷார் வந்தபோது நிலத்தின் மீது பூர்வகுடிகளுக்கு உரிமை இருந்தது, அது தானாக அழிந்துவிடவில்லை என்று தீர்ப்பளித்தது. நிலம் அவர்களுடையது என்றால், அதைக் காக்க எடுத்த ஈட்டி திருடனின் ஈட்டி அல்ல. இன்றைய கோரிக்கைகள் இங்கிருந்துதான் வலுப்பெற்றன.

போர் நினைவகம் நெடுங்காலம் சொல்லிவந்த விடை இது: நாங்கள் நினைவுகூர்வது ஆஸ்திரேலியப் படைகளில் பணியாற்றியவர்களை, எல்லைப்புறத்தில் சுட்டவர்கள் பிரிட்டிஷ் சிப்பாய்கள், காவலர்கள், தனி ஆட்கள், ஆகவே இது எங்கள் வரம்பில் இல்லை. 2022 செப்டம்பரில் நினைவகக் குழுவின் அன்றைய தலைவர் பிரெண்டன் நெல்சன், விரிவாக்கப்படும் காட்சிக்கூடங்களில் பூர்வகுடிகள் மீதான வன்முறை இதுவரை இல்லாத அளவுக்கு விரிவாகவும் ஆழமாகவும் காட்டப்படும் என்றார். எதிர்ப்பும் உடனே எழுந்தது. அது 'போர்' என்ற பெயரோடு இருக்குமா, இறந்த பூர்வகுடிகள் வீரர்களாக மதிக்கப்படுவார்களா என்பதில்தான் இழுபறி.

வரம்பு என்ற வாதத்தைச் சோதித்துப் பார்க்க ஒரே ஒரு ஒப்பீடு போதும். 1885இல் நியூ சவுத் வேல்ஸ் காலனி, பிரிட்டனுக்கு உதவியாகச் சுமார் 750 பேரைச் சூடானுக்கு அனுப்பியது. ஆஸ்திரேலியா என்ற நாடு அப்போது உருவாகவே இல்லை. போன சில மாதங்களில் படை திரும்பிவிட்டது. சண்டையில் ஒருவர்கூடச் சாகவில்லை. இறந்தவர்கள் நோயால் இறந்தார்கள். அந்தப் படையை நினைவகம் நினைவுகூர்கிறது. அதற்கு முந்தைய ஆண்டு, 1884இல், குவீன்ஸ்லாந்தின் பேட்டில் மவுண்டனில், அரசுச் சம்பளம் பெற்ற காவல்படையும் குடியேறிகளும் கல்கடூன் மக்களைத் தாக்கினார்கள். பாறைகளின் பின்னால் நின்று ஈட்டியோடு எதிர்த்தவர்கள், துப்பாக்கி வரிசையை நோக்கி மேலிருந்து இறங்கி ஓடிவந்தார்கள் என்று சொல்லப்படுகிறது. அந்த மலைக்குப் பெயரே போர் மலை.